தாய்மார் நலமும் கூட்டுப் பொறுப்பும்



பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோவதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், வைத்திய சாஸ்திரம் தரும் விடை சுருக்கமானது. உதிரப்போக்கு, இரத்தக் கொதிப்பினால் வரும் வலிப்பு, பிரசவத்துக்குப் பின் காணும் விஷஜுரம், குழந்தை இறங்க வழியின்றித் தடைப்பட்ட பிரசவம், முறைகேடாகச் செய்த கருக்கலைப்பு, இவற்றோடு சேர்ந்துகொள்ளும் இரத்தசோகை, இருதய நோய் ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் சொல்லி முடித்தாயிற்று. இந்தப் பட்டியல் தேசத்துக்குத் தேசம் அதிகமாக மாறுவதில்லை; நூறாண்டுகளாகவும் அதிகமாக மாறவில்லை. ஆயினும், ஒரே விதமான உதிரப்போக்கு ஓரூரில் ஒரு பெண்ணைச் சில மணி நேரத்துக்குள் மாய்த்துவிடுகிறது. அடுத்த ஊரிலே அதே அளவு உதிரம் போனவள் நான்காம் நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். நோயும் மருந்தும் ஒன்றாயிருக்க, முடிவு மட்டும் ஏன் இப்படி வேறுபடுகிறது என்பதே இன்று நான் உங்கள் முன் எடுத்துப் பேச விரும்பும் விஷயம்.

இதை விளங்கிக்கொள்ள முதலில் காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் உதிரம் பெருகத் தொடங்கி, சிகிச்சை ஏதும் கிடைக்காவிட்டால், சராசரியாக இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடுகிறது. வலிப்பு கண்டவளுக்கு இரண்டு நாள் வரையில் அவகாசம் உண்டு; விஷஜுரத்துக்கு ஏறக்குறைய ஆறு நாள். இந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளே அந்தப் பெண் எத்தனை பேருடைய பொறுப்பிலே இருந்து எத்தனை பேருடைய பொறுப்புக்கு மாறிப் போகிறாள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாமியாரும் புருஷனும் புறப்படத் தீர்மானிக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் அபாயத்தை அறிந்து சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் முதல் ஊசியைப் போட வேண்டும். வண்டி வர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் அவளை ஏற்றுக்கொள்ள ஆள் நிற்க வேண்டும். பிரசவ வைத்தியரும் மயக்க மருந்து கொடுப்பவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அவளுக்குப் பொருந்துகிற இரத்தம் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். இவர்களில் ஒவ்வொருவரும் தத்தம் கடமையைக் குறைவின்றிச் செய்தும், ஒருவர் விட்ட இடத்துக்கும் அடுத்தவர் தொட்ட இடத்துக்கும் நடுவிலே கிடந்த முக்கால் மணி நேரம் யாருடைய கணக்கிலும் சேராமல் போய்விடுமானால், அந்தப் பெண் இறந்துவிடுகிறாள். விசாரித்தால், 'என் வரையில் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன்' என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் மெய்யே சொல்வார்கள். தாய்மார் பெரும்பாலும் இறப்பது இப்படிக் கைமாறுகிற இடங்களிலேதான் என்பதும், அந்த இடங்களை எவர் தம்முடைய பொறுப்பென்று ஏற்கிறாரோ அவரே இத்துறையில் தலைவர் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

சென்னை மாகாணத்துக்குப் பிரசவ வைத்தியம் புதிதன்று. எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தோன்றியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்றதும் பணியாற்றிய இடம் அது. பிற்காலத்தில் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக நீண்டகாலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், அந்த ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியராயிருந்து, தலைமுறை தலைமுறையாக மாணவர் பயின்ற பிரசவ வைத்திய நூலையும் எழுதினார் என்பது எல்லோரும் அறிந்தது. அதிகமாகப் பேசப்படாத வேறொரு காரியமும் அவர் செய்தார். 1930-களின் தொடக்கத்தில், சென்னை நகரிலே தாய்மார் இறப்பதற்கான காரணங்கள் யாவை என்று முறைப்படி ஆராய்ந்து ஓர் அறிக்கை தயாரித்தார். பிரசவ அறையில் நின்று ஒரு தாயைக் காப்பாற்றுவதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணாமல், காப்பாற்ற முடியாமல் போனவர்களின் கதைகளை ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் அடுத்தவளைக் காப்பாற்ற வழி பிறக்கும் என்று கண்ட அந்தப் பார்வையே, பின்னால் வந்த எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் வித்து என்று நான் கருதுகிறேன். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்தை ஸ்தல ஸ்தாபனங்களின் கடமைகளில் ஒன்றாக்கியது. சட்டமும் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது; கிராமத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலே கிடந்த தூரம் மட்டும் நெடுங்காலம் குறையவில்லை.

மரணங்களை ஆராய்ந்து கற்கும் விஷயத்தில் இங்கிலாந்தின் சரித்திரம் நமக்கு ஒரு நல்ல படிப்பினை. விக்டோரியா மகாராணியின் காலம் தொடங்கி 1930-கள் வரையில், ஏனைய மரணங்களெல்லாம் குறைந்துகொண்டே வந்தும், லட்சம் பிரசவங்களுக்கு நானூறு தாய்மார் அளவில் இறந்துகொண்டிருந்த அந்த நாட்டின் கணக்கு அசையாமல் நின்றது. சல்ஃபா மருந்துகளும், பின்னர் பெனிசிலினும், இரத்தம் ஏற்றும் வசதியும் வந்த பிறகே அது சரியத் தொடங்கிற்று. மருந்து வந்துவிட்டது, இனித் தானாகக் குறையும் என்று அந்நாட்டார் வாளாவிருந்துவிடவில்லை. 1952-ஆம் ஆண்டு முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிரசவத்தையொட்டி நேரும் ஒவ்வொரு மரணத்தையும் இரகசியமாக விசாரிக்கும் ஒரு முறையை ஏற்படுத்தினார்கள். இறந்தவளுக்குச் சிகிச்சை செய்த வைத்தியர், மருத்துவச்சி, ஆஸ்பத்திரியார் அனைவரும் நடந்ததை நடந்தபடி எழுதித் தருவார்கள். அனுபவம் மிக்க வைத்தியர்கள் அதைப் படித்து, இம்மரணம் தவிர்த்திருக்கக்கூடியதா, எங்கே பிசகு நேர்ந்தது என்று குறிப்பார்கள். பெயர்களும் ஊர்களும் வெளியாகா. மூன்று ஆண்டுகளுக்கொரு முறை அறிக்கை அச்சாகி வந்தது. முதல் அறிக்கை 1957-இல் வெளிவந்தது. எழுதிக் கொடுத்தவரை அக்குறிப்பு ஒருநாளும் தண்டிக்காது என்ற உறுதியின்மேல் நின்றது அந்த ஏற்பாடு. அவ்வுறுதி ஒன்றிரண்டு முறை மீறப்பட்டிருந்தாலும் மூன்றாவது அறிக்கைக்கு எழுதித் தர ஆள் இருந்திருக்கமாட்டார்கள்.

இனி, நம் தமிழ்நாட்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் அரசாங்கத்தில் வைத்தியம் மூன்று இயக்ககங்களாகப் பிரிந்து கிடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கிராமமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொதுச் சுகாதாரத் துறையின் வசம். தாலுகா, ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகள் ஊரக நலப் பணிகள் துறையின் வசம். கல்லூரி ஆஸ்பத்திரிகள் மருத்துவக் கல்வித் துறையின் வசம். நிர்வாக வசதிக்கு இந்தப் பிரிவினை நல்லதே. நமது பொதுச் சுகாதாரத் துறை தனியே நிற்பதனால்தான் தடுப்புப் பணிகளில் நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று அறிந்தவர்கள் சொல்வதும் உண்மையே. ஆனால், உதிரம் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண் இந்த மூன்று துறைகளின் எல்லைகளையும் ஒரே இரவில் கடந்து செல்கிறாள். அவள் இறந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தார், 'நாங்கள் அனுப்பும்போது உயிரோடுதான் இருந்தாள்' என்பார்கள், மேல் ஆஸ்பத்திரியார், 'எங்களிடம் வரும்போதே நாடி இல்லை' என்பார்கள், பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படும், அத்தோடு முடிந்துவிடும்.

இதற்கு முடிவு கட்டும் முயற்சி 1990-களின் நடுவிலே, தாய்மார் மரணம் ஒவ்வொன்றையும் விடாமல் பதிவு செய்து ஆராய வேண்டும் என்ற தீர்மானத்தோடு தொடங்கி, அடுத்த பத்தாண்டுகளில் அரசாணைகளின் வாயிலாகக் கட்டாயமாக உறுதி பெற்றது. வீட்டிலே நேர்ந்தாலும், வண்டியிலே நேர்ந்தாலும், தனியார் ஆஸ்பத்திரியிலே நேர்ந்தாலும், மரணச் செய்தி ஒரு நாளுக்குள் மேலிடத்துக்கு எட்ட வேண்டும்; சில நாட்களுக்குள் ஒரு குழு அந்த வீட்டுக்கே சென்று, முதல் வலி கண்ட நேரத்திலிருந்து கடைசி மூச்சு வரை நடந்ததை உறவினர் வாய்மொழியாகக் கேட்டு எழுத வேண்டும்; சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் கூடித் தனியே ஆராய வேண்டும்; பிறகு, ஜில்லா கலெக்டரின் தலைமையில் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு இறந்தவளின் வீட்டாரும் அழைக்கப்பட்டார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். மூன்று துறையின் அதிகாரிகளும், தங்களில் எவருக்கும் கட்டுப்படாத கலெக்டர் ஒருவரின் முன்னிலையில், தாயை இழந்த குழந்தையைத் தூக்கி வந்திருக்கும் ஒரு பாட்டி, 'நாங்கள் வந்து சேர்ந்தபோது வாசலில் யாருமில்லை' என்று சொல்வதைக் கேட்ட பின், தம் துறையின் எல்லைக்கோட்டைக் காட்டிப் பேசுவது அவ்வளவு எளிதன்று. கலெக்டருக்கு வைத்தியம் தெரிய வேண்டியதில்லை. அந்த முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

இவ்வாறு கேட்கக் கேட்க, விடைகள் வைத்தியத்துக்கு வெளியே நெடுந்தூரம் பரவிக் கிடப்பது புலப்பட்டது. குழந்தைகள் இரவும் பகலும் பிறக்க, சுகாதார நிலையங்களோ மாலையில் கதவை அடைத்தன. ஆதலால் நிலையத்துக்கு மூன்று செவிலியரை நியமித்து முறைவைத்து இரவிலும் பணிபுரியச் செய்தார்கள். ஆபரேஷன் அறை இருந்தும் மயக்க மருந்து கொடுக்க ஆளில்லாத இடங்கள் பல. ஆகவே தனியார் மயக்க மருத்துவரை அழைத்து அழைப்புக்கு இவ்வளவென்று ஊதியம் கொடுக்கவும், சாதாரணப் பட்டம் பெற்ற வைத்தியர்களுக்கே உயிர்காக்கும் அளவில் அந்த வித்தையைக் கற்பிக்கவும் ஏற்பாடாயிற்று. 'சீமாங் சென்டர்' என்று இன்று செவிலியர் முதல் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வரை எல்லோரும் சரளமாகச் சொல்கிற இடங்கள் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான்: பிரசவ வைத்தியர், குழந்தை வைத்தியர், மயக்க மருத்துவர், இரத்தம் எனும் நான்கும் எந்நேரமும் ஒருங்கே இருக்கும்படி தெரிந்தெடுக்கப்பட்ட அரசு ஆஸ்பத்திரிகள் அவை. 1994-இல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகத்தினால் மருந்துகள் தட்டின்றி வந்து சேர்ந்தன. 2008-இல் 108 வண்டி ஓடத் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கும் மகப்பேறு உதவி, 2006-இல் 6,000 ரூபாயாகவும் 2011-இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

இன்னொன்றையும் விட்டுவிட மனம் வரவில்லை. கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்திலேயே வளைகாப்பு நடத்தும் வழக்கம் நம் மாநிலத்தில் ஏற்பட்டு, வீட்டுக் கூடத்தில் நடந்த மங்கல காரியம் அரசாங்கக் கட்டடத்துக்குள் வந்து, ஐவகைச் சாதமும் கண்ணாடி வளையலுமாக உறவினர் சூழ அந்தப் பெண் பிரசவ அறையை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனாள். பிரசவ வேளையில் தாயோ சகோதரியோ உடனிருக்க அனுமதியும் கிடைத்தது. ஆஸ்பத்திரி என்றாலே அஞ்சுகிற ஒரு குடும்பம் புறப்படத் தீர்மானிப்பதில் கழிக்கும் நேரத்தை, எந்தச் சுற்றறிக்கையைக் காட்டிலும் இவை அதிகமாகக் குறைத்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

பலன் கணக்கில் தெரிந்தது. 2001–03 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். அப்போது இந்தியாவின் சராசரி 301. பத்தாண்டு கழித்து 2011–13-இல் நம் எண்ணிக்கை 79. 2018–20-இல் 54, இந்தியாவுக்கு 97. இதே 2018–20-இல் கேரளத்தின் எண்ணிக்கை 19 என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

அவர்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரளத்தில் பிரசவங்களில் பெரும்பகுதி தனியார் ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. ஆகவே அரசாங்கம் மட்டும் தன் ஊழியர்களைக் கூட்டி விசாரித்துப் பயனில்லை. 2004-இல், அந்த மாநிலத்துப் பிரசவ வைத்தியர்களின் கூட்டமைப்பே முன்வந்து, டாக்டர் வி. பி. பைலி போன்றோரின் தலைமையில், இங்கிலாந்தின் மாதிரியைப் பின்பற்றி, பெயரை மறைத்த விசாரணையைத் தொடங்கியது. இந்தியாவில் இம்முறைக்கு அதுவே முதல். அரசாங்கம் ஒப்புதல் தந்து ஒதுங்கி நின்றது. அப்படி ஒதுங்கி நின்றதும் ஒரு தலைமைப் பண்பே. வைத்தியர்கள் தம்முடைய சகாக்களின் பிழைகளைத் தாமே படித்து, உதிரப்போக்கும் இரத்தக் கொதிப்புமே முதல் எதிரிகள் என்று கண்டு, 2012-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் சிகிச்சைத் தர நிறுவனத்தோடு சேர்ந்து அவ்விரண்டுக்கும் படிப்படியான தர விதிகளை வகுத்துக்கொண்டார்கள்.

இவ்விரண்டு மாநிலங்களின் முறைகளையும் ஒப்பிட்டால், நம்முடையதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறப்பது தெரியும். கலெக்டரின் அதிகாரம் இல்லாமல் மூன்று துறைகளை ஒரு மேஜையில் உட்காரவைத்திருக்க முடியாது. ஆனால் அதிகாரம் வீற்றிருக்கும் மேஜையில் அச்சமும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. கூட்டம் விசாரணையாக மாறி, விசாரணை தண்டனையாக முடியும் என்று ஒரு முறை தோன்றிவிட்டால், அடுத்த மரணத்தின் குறிப்பேட்டில் நேரங்கள் திருத்தப்படும். அதைவிட ஆபத்து ஒன்றுண்டு. தன் கையில் ஒரு பெண் இறந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், சிறு நிலையத்தில் தாராளமாகச் செய்யக்கூடிய பிரசவத்தையும் மேலே அனுப்பிவிடுவதும், மேலிடத்தார் அதற்கும் மேலே அனுப்புவதுமாக, அபாயமில்லாதவர்கள் கல்லூரி ஆஸ்பத்திரியை நிரப்பிவிட, மெய்யாகவே அபாயத்தில் இருப்பவள் தாழ்வாரத்திலே காத்துக் கிடக்கிறாள். 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் ஆபரேஷன் மூலம் நடந்ததற்கும் இந்த அச்சம் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். காரணம் அது ஒன்றே என்று சொல்லமாட்டேன். ஒரு முறை அறுத்த கருப்பையோடு அடுத்த பிரசவத்துக்கு வருபவளுக்கு நஞ்சுக்கொடி தழும்பிலே ஒட்டிக்கொண்டு உதிரம் பெருகும் அபாயம் கூடுகிறது என்பதையும், இன்றைய பயம் நாளைய மரணத்துக்கு வித்திடக்கூடும் என்பதையும் கூட்டத்தின் தலைமையில் இருப்பவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

குற்றம் சாட்டாமல் ஒழுங்கை நிலைநாட்ட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு நல்ல விடை. கென்யா, நைஜீரியா, தான்ஸானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் அது நடந்தது. பிரசவித்தவளின் கீழே அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, போகும் உதிரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்தார்கள். அளவு குறித்த கோட்டைத் தொட்டதும், கருப்பையைப் பிசைந்துவிடுதல், அதைச் சுருங்கச் செய்யும் மருந்து, உறைந்த உதிரம் கரைந்துபோகாமல் காக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழியே திரவம், காயம் உண்டா என்ற சோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதனால் நேரும் பெரும் விபரீதங்களும் நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்தன. புது மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. அளவுள்ள விரிப்புங்கூட, இருபது ஆண்டுகளுக்கு முன்பே கர்நாடகத்துப் பெல்காமில் நம் நாட்டு வைத்தியர்கள் உருவாக்கிப் பரீட்சித்துப் பார்த்த சாதனம்தான். வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லி உத்தரவுக்குக் காத்திராமல், கோட்டைக் கண்ட செவிலியரே சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற அதிகாரத்தை முன்கூட்டியே கொடுத்து வைத்ததுதான் அந்த ஆராய்ச்சியின் ஜீவன் என்று நான் கருதுகிறேன். மேலே இருப்பவர் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியைக் கீழே இறக்கிவைக்க மனம் இசைந்ததனால் தாய்மார் பிழைத்தார்கள்.

நம்மிடம் இனிச் செய்ய வேண்டியவை எவை என்று என்னைக் கேட்டால், புதிய கட்டடங்களை நான் முதலில் சொல்லமாட்டேன். தனியார் ஆஸ்பத்திரிகளையும் கலெக்டரின் அந்த மேஜைக்கு அழைத்துவர வேண்டும். சட்டத்தின் மிரட்டலால் வருகிறவர்களாக அல்லாமல், கேரளத்தில் போலத் தம் வைத்தியக் கூட்டமைப்பின் கௌரவத்தை முன்னிட்டு வருகிறவர்களாக. மரணங்கள் குறைந்துவிட்ட காரணத்தால், மரணத்திலிருந்து கற்பதற்கான வாய்ப்பும் குறைகிறது. ஆதலால் சாவின் வாயில் வரை சென்று மீண்டவர்களைப் பற்றியும் அதே சிரத்தையோடு ஆராய வேண்டும். இதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசாங்கம் 2014-இலேயே வெளியிட்டிருக்கிறது. இறந்தவளின் வாயிலிருந்து நாம் கேட்க முடியாததை மீண்டவள் தானே சொல்வாள்: எந்த நேரத்தில் தனக்குப் பயம் தோன்றியது, யாரிடம் அதைச் சொன்னாள், சொன்னபோது யார் கேட்டார்கள் என்பதை.

கடைசியாக, மரணங்களை ஆராயும் கூட்டங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்போதெல்லாம் அக்கூட்டங்களில் பேச்சு மேலிருந்து கீழாக வருகிறது. பெரிய வைத்தியர் தம் முடிவைச் சொன்ன பிறகு, சம்பவ இரவில் பணியிலிருந்த செவிலியருக்குத் தலையசைப்பதைத் தவிர வேறு வழியிருப்பதில்லை. இந்த வரிசையை மாற்றி, அந்தச் செவிலியரையே முதலில் பேச வைக்க வேண்டுகிறேன். அவளுக்கு அடுத்தபடி கிராம சுகாதாரச் செவிலியர், அதற்கு அடுத்தபடி வண்டி ஓட்டுநர், பிறகு வைத்தியர்கள், எல்லோருக்கும் கடைசியில் கலெக்டர். இரவு இரண்டு மணிக்கு யாரைத் தொலைபேசியில் அழைத்தாள், எத்தனை முறை மணி அடித்தது, மறுமுனையில் எடுத்தவர் என்ன சொன்னார் என்பவை அவளுக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். தன்னைவிட உயர்ந்த எவரும் இன்னும் வாய் திறவாத அந்த முதல் ஐந்து நிமிஷத்தில் கேட்டால்தான் அவள் அவற்றைச் சொல்வாள்.